பாட்டு பெருகியது சரி, வரிசை போடுவது யார்?

கடைவீதி எழுதியது:

லூமினேட் என்ற நிறுவனம் இசைத் தளங்களின் கணக்கை வருடா வருடம் வெளியிடுகிறது. 2023 கணக்கில் உள்ள ஒரு எண் என்னை விடமாட்டேன் என்கிறது. அந்த வருடம் ஸ்ட்ரீமிங் தளங்களில் இருந்த பாடல்கள் 18.4 கோடி. அவற்றில் 4.56 கோடிப் பாடல்களை வருடம் முழுக்க ஒருவரும் கேட்கவில்லை. ஒரு தடவைகூட. ஏற்றியவரின் அம்மாகூடக் கேட்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் தடவைக்குமேல் ஓடாதவற்றையும் சேர்த்தால் மொத்தத்தில் 86 சதவீதம் வந்துவிடுகிறது.

80களில் எங்கள் மாமா மன்னார்குடியில் ரெக்கார்டிங் சென்டர் வைத்திருந்தார். இப்போது இருபதுகளில் இருப்பவர்களுக்கு அது என்ன கடை என்றே தெரியாது, அதனால் சொல்லிவிடுகிறேன். ஒரு தாளில் பாட்டுகளை எழுதிக்கொண்டு ஆள் வருவார். சிக்ஸ்டி கேசட் என்றால் பக்கத்துக்கு அரை மணி நேரம், ஆறேழு பாட்டு பிடிக்கும். நைன்ட்டி என்றால் பக்கத்துக்கு முக்கால் மணி. தாளில் நாலைந்து பாட்டுதான் உறுதியாக இருக்கும். மிச்சத்துக்கு, "நீங்களே பார்த்துப் போடுங்கண்ணே" என்பார்கள். கடையின் பிழைப்பே அந்தப் பார்த்துப் போடுவதில்தான். கல்யாண வீட்டுக்கு ஒரு வரிசை, லாரி டிரைவருக்கு ஒரு வரிசை, துபாய் கிளம்புகிற பையனுக்கு வேறு வரிசை. சட்டப்படி அத்தனையும் திருட்டு நகல். அதில் மூடி மறைக்க ஒன்றுமில்லை.

அந்தக் காலத்தில் காசு பிளாஸ்டிக்கில் இருந்தது. கம்பெனி கேசட்டை விற்றது, மாமா வெற்றுக் கேசட்டை விற்றார். 1999-இல், இணையத்தில் பாட்டை இலவசமாகப் பரிமாறிக்கொள்ளும் நாப்ஸ்டர் வந்து பிளாஸ்டிக்கைத் தேவையில்லாததாக்கியது. 2003-இல் ஆப்பிள் தன் இணையக் கடையான ஐடியூன்ஸில் ஒரு பாட்டு 99 சென்ட் என்று விலை வைத்தது. 2008-இல் ஸ்பாட்டிஃபை ஸ்வீடனில் தொடங்கி, பாட்டை விற்காமல் எல்லாப் பாட்டையும் மாத வாடகைக்கு விட்டது. நம் ஊரில் 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு டேட்டாவை எண்ணி எண்ணிச் செலவழிக்கிற பழக்கமும் போயிற்று.

அப்படி எல்லாம் கைக்கு வந்த அடுத்த வருடம் என்ன நடந்தது? 2017-இல் சரிகம நிறுவனம், அதாவது நம் பழைய எச்.எம்.வி., கார்வான் என்று ஒரு பெட்டி விட்டது. பார்க்க பழைய டிரான்சிஸ்டர். உள்ளே 5,000 பழைய பாட்டு ஏற்றி வைத்திருந்தார்கள். திருகினால் பாடும், அவ்வளவுதான். யூடியூப்பில் அதே பாட்டுகள் சும்மா கிடைக்கும்போது ஆயிரக்கணக்கில் ரூபாய் கொடுத்து ஜனங்கள் அதை வாங்கினார்கள். லட்சக்கணக்கில் விற்றது. அவர்கள் காசு கொடுத்தது பாட்டுக்கு இல்லை. மிச்ச 18 கோடிப் பாட்டு கண்ணில் படாமல் இருப்பதற்கு.

என் வாதம் இதுதான். பாட்டு குறைவாக இருந்தபோது பாட்டை வைத்திருந்தவன் முதலாளி. அளவில்லாமல் பெருகிய பிறகு, அடுத்த பாட்டு எது என்று முடிவு செய்கிறவன் முதலாளி. மாமாவின் வேலையை இப்போது ஸ்டாக்ஹோமிலும் கலிஃபோர்னியாவிலும் நாலு கம்பெனிகள் செய்கின்றன. அவர்கள் யாருக்காகப் பார்த்துப் போடுகிறார்கள் என்பதுதான் எனக்குச் சந்தேகம்.

நிரலன் எழுதியது:

அண்ணே, கடை நினைவுகள் அருமை. ஆனால் ரெக்கார்டிங் சென்டரை இவ்வளவு தூக்கி வைக்க வேண்டுமா? உங்கள் மாமா கடையில் எத்தனை பாட்டு இருந்திருக்கும்? சில ஆயிரம். அதிலும் ஊரில் ஓடுகிறதைத்தான் வாங்கி வைத்திருப்பார். எங்கள் ஊரில் ஒரே கடை. எண்பதுகளின் கன்னடப் படப் பாட்டு ஒன்று வேண்டும் என்று கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள்.

நான் பரிந்துரை மென்பொருள் துறையில் வேலை பார்க்கிறேன் (இசைக் கம்பெனி இல்லை, துணிக்கடை வலைத்தளம்). வேலை செய்கிற விதம் ஒன்றும் மாயம் இல்லை. நீங்கள் கேட்ட நாற்பது பாட்டில் முப்பதைக் கேட்ட இன்னொருவர் இருப்பார். அவர் கேட்டு நீங்கள் கேட்காத பத்தை எடுத்து உங்கள் முன்னால் வைக்கும். அடிப்படை அவ்வளவுதான். 2014-இல் எக்கோ நெஸ்ட் என்ற கம்பெனியை ஸ்பாட்டிஃபை வாங்கியது. அவர்கள் பாட்டின் வேகம், சுருதி, தாளம் ஆகியவற்றையும் அலசி இதனோடு சேர்த்தார்கள். 2015-இல் திங்கள்கிழமை தோறும் புதுப் பட்டியல் தரும் வசதி வந்தது. அதன் வழியாக எனக்கு மாலி நாட்டு கிட்டார் இசை கிடைத்தது. எந்த மாமாவும் அதை எனக்குப் போட்டிருக்க மாட்டார்.

கேட்காத 4.56 கோடிப் பாட்டைப் பற்றி: முன்பு அவை பதிவே ஆகியிருக்காது. ஸ்டுடியோ வாடகைக்கு வழியில்லாமல் செத்திருக்கும். இப்போது பதிவாகி, கேட்கப்படாமல் இருக்கின்றன. இதில் எது கொடுமை?

சிலம்பூர் செல்வம் எழுதியது:

நடுவில் ஒரு தலைமுறையை இரண்டு பேரும் விட்டுவிட்டீர்கள். செல்போன் கடையில் "மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தரப்படும்" என்று போர்டு தொங்கியதே! 2 ஜிபி கார்டைக் கொடுத்தால் முப்பது ரூபாய், ஐம்பது ரூபாய்க்கு நிரப்பிக் கொடுப்பார்கள். அங்கே வரிசையும் கிடையாது, பார்த்துப் போடுவதும் கிடையாது. கணினியில் இருக்கிற ஃபோல்டரை அப்படியே இழுத்துப் போடுவார்கள். ஒரு சோகப் பாட்டு, உடனே ஒரு அம்மன் பாட்டு, அதற்குப் பின்னால் வடிவேலு காமெடி. மினி பஸ்ஸில் எல்லாம் அதுதான் ஓடியது. எனக்கு அந்தக் குழப்பம்தான் பிடிக்கும்.

கணக்கப்பிள்ளை எழுதியது:

காசு எப்படிப் போகிறது என்பதைச் சொல்லாமல் இந்தப் பேச்சு நகராது. ஒரு பாட்டு ஓடினால் இத்தனை பைசா என்று நிர்ணயித்த விலை எதுவும் இல்லை. நிறையப் பேர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஸ்பாட்டிஃபை மாதிரித் தளங்கள் வருமானத்தில் சுமார் மூன்றில் இரண்டு பங்கை உரிமையாளர்களுக்கு ஒதுக்குகின்றன. அதை ஒரே குவியலாகப் போட்டு, மொத்தம் ஓடிய தடவைகளில் யாருக்கு எத்தனை சதவீதமோ அத்தனை சதவீதத்தைப் பிரித்துக் கொடுக்கிறார்கள்.

சின்ன உதாரணம். ஆளுக்கு 100 ரூபாய் கட்டுகிற இரண்டு சந்தாதாரர்கள் மட்டும் இருப்பதாக வையுங்கள். தளத்தின் பங்கு போக ஆளுக்கு 65, மொத்தம் 130 ரூபாய். நான் மாதத்தில் 20 தடவை ஒரே ஒரு நாதஸ்வரக் கலைஞரை மட்டும் கேட்கிறேன். பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பையன் சினிமாப் பாட்டு 2,000 தடவை ஓட விடுகிறான். நாதஸ்வரக்காரருக்குப் போவது 2,020-இல் 20 பங்கு, அதாவது 1 ரூபாய் 29 பைசா. நான் கட்டிய பணத்தில் மிச்சமெல்லாம் நான் கேட்கவே கேட்காத பாட்டுக்குப் போகிறது. அவரவர் பணம் அவரவர் கேட்டவர்களுக்கு என்று வைத்தால் அவருக்கு 65 ரூபாய் கிடைத்திருக்கும். சவுண்ட்கிளவுட் 2021-இல் ஒரு பகுதிக் கலைஞர்களுக்கு அப்படிக் கொடுக்க ஆரம்பித்தது. பெரிய தளங்கள் பழைய முறையை விடவில்லை.

இன்னொன்று. 30 விநாடி ஓடினால்தான் அது ஒரு தடவை. 2024 முதல், ஸ்பாட்டிஃபையில் முந்தைய பன்னிரண்டு மாதத்தில் ஆயிரம் தடவை ஓடாத பாட்டுக்கு ஒலிப்பதிவுப் பங்கே கிடையாது. கடைவீதி சொன்ன 86 சதவீதத்தை இதோடு சேர்த்துப் பாருங்கள். நிரலன் கேட்ட "எது கொடுமை" என்ற கேள்விக்கு இதில் பாதி பதில் இருக்கிறது.

நாயனக்காரர் மகன் எழுதியது:

கணக்கப்பிள்ளை ஐயா நாதஸ்வரத்தை உதாரணமாக எடுத்ததால் நானும் வருகிறேன். எங்களுக்கு இடிக்கிற இடம் அந்த 30 விநாடி. என் அப்பா கோயில் புறப்பாட்டில் ஒரு ராகத்தை ஆலாபனை செய்தால் நாற்பது நிமிடம் ஆகும். அதை அப்படியே ஏற்றினால் ஒரு தடவை. மழைச் சத்தத்தை 35 விநாடிக்கு வெட்டி வெட்டி ஏற்றியவருக்கும் ஒரு தடவை. இரண்டுக்கும் ஒரே கூலி. மழைச் சத்தம் மாதிரியானவை இரண்டு நிமிடமாவது இருக்க வேண்டும், அதற்கான பங்கும் குறைவு என்று பிறகு விதி கொண்டுவந்தார்கள். நீளமாக வாசித்தவனுக்குக் கூட்டிக் கொடுக்கிற விதி எதுவும் வரவில்லை.

தெரிந்தவர் ஒருவர் யோசனை சொன்னார்: ஆலாபனையை எட்டுத் துண்டாக்கி ஏற்றுங்கள், எட்டுத் தடவை ஆகும் என்று. அப்பா அவரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நான் தனியாக உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன், பொய் சொல்லவில்லை.

ஊசியும் தட்டும் எழுதியது:

தம்பி, இந்தத் துண்டாக்குகிற வேலை உங்கள் காலத்தில் ஆரம்பித்தது இல்லை. 78 சுழற்சி இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று, மூன்றரை நிமிடம்தான் பிடிக்கும். மணிக்கணக்கில் தோடி ராகம் வாசித்து ஊரைக் கட்டிப்போட்ட நாதஸ்வர வித்வான் ராஜரத்தினம் பிள்ளையும் தட்டு என்று வந்தபோது அந்தச் சில நிமிடத்துக்குள்தான் நின்றார். கச்சேரியில் அரை மணி விரிகிற கீர்த்தனை தட்டில் சுருங்கியது. சினிமாப் பாட்டு மூன்று, நாலு நிமிடம் என்று ஆனதற்கும் தட்டு ஒரு முக்கியக் காரணம். 1948-இல் நீண்ட நேரம் ஓடுகிற எல்.பி. தட்டு வந்த பிறகும் அந்த அளவு பழகிப்போய் அப்படியே நின்றுவிட்டது.

ஆக, கருவிதான் பாட்டின் நீளத்தை முடிவு செய்கிறது என்பது நூறு வருடத்துக்கு மேலான கதை. ஸ்பாட்டிஃபையை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள். என்ன, அன்றைக்கு அரக்குத் தட்டும் ஊசியும் சொன்ன எல்லை அது, யாரும் லாபம் பார்த்து வைத்த எல்லை இல்லை. இன்றைக்கு 30 விநாடி என்பதை ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து தீர்மானித்திருக்கிறார்கள். நினைத்தால் நாளைக்கே மாற்றலாம்.

சாலிகிராமம் கீபோர்டு எழுதியது:

தொழிலில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். பதினைந்து வருடத்துக்கு முன்பு பாட்டு கம்போசிங் என்றால் முகப்பு இசைக்கே ஒரு நாள் மல்லுக்கட்டுவோம். இப்போது, "குரல் எத்தனையாவது விநாடியில் வருகிறது?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். தள்ளிவிட்டுப் போய்விடுவார்களோ என்ற பயம். இரண்டாவது இடையிசை சுருங்கிவிட்டது, நிறையப் பாட்டில் இரண்டாவது சரணமே கிடையாது.

2020 ஜூன் கடைசியில் டிக்டாக்கைத் தடை செய்தார்கள், அடுத்த வாரமே இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் இந்தியாவுக்கு வந்தது. அதற்கப்புறம் இன்னொரு கேள்வி சேர்ந்துகொண்டது: "ரீல்ஸுக்கு எந்த இடம்?" பதினைந்து விநாடி ஹூக்கை (காதில் ஒட்டிக்கொள்கிற துண்டு) முதலில் போட்டு, அது பிடித்திருந்தால் மிச்சப் பாட்டைக் கட்டுகிற வேலையும் நடக்கிறது. சில நேரம் அந்தப் பதினைந்து விநாடி நிஜமாகவே நன்றாக வந்துவிடும், அதுதான் சங்கடம். மிச்சம் மூன்று நிமிடத்துக்கு யாரிடமும் சரக்கு இருக்காது.

ஆனால் நிரலன் பக்கமும் நியாயம் இருக்கிறது. என்னிடம் கீபோர்டு கற்க வருகிற ஒரு பையன் பழைய ஜாஸில் இருந்து ஆப்பிரிக்கத் தாளம் வரை காது நிறைய வைத்திருக்கிறான். அவன் அப்பா ஆட்டோ ஓட்டுகிறார். நான் அந்த வயதில் ஒரு வெளிநாட்டு ரெக்கார்டு கேட்பதற்கு யார் யார் வீட்டு வாசலிலோ நின்றிருக்கிறேன்.

யாழ்தேவி எழுதியது:

கடைவீதி அண்ணை, பார்த்துப் போடுவதைப் பற்றிக் கதைக்கும்போது இலங்கை வானொலியை விட்டுவிடலாமா? 1952-இல் பி.வி. கேஸ்கர் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்தார். அதற்குப் பிறகு அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு இல்லாமல் போயிற்று. தமிழ்நாட்டுச் சனம் எங்கள் பக்கம் ரேடியோ ஊசியைத் திருப்பியது. 1957 அக்டோபரில் விவித பாரதி தொடங்கியதே அந்தக் கூட்டத்தைத் திருப்பிப் பிடிக்கத்தான். தொடங்கியும் தமிழ்நாட்டுக் கரையோரத்தில் இலங்கை வானொலியை விட்டவர் குறைவு. கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது என்று அறிவிப்பாளர்களின் பெயர் சொல்லிக் கேட்ட காலம் அது.

எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறு விசயம். பாட்டுக்கு முன்னாலோ பின்னாலோ படத்தின் பெயர், பாடியவர், இசையமைத்தவர், எழுதியவர் எல்லாம் சொல்வார்கள். பள்ளிக்கூடம் போகாத என் அம்மம்மாவுக்கு எந்தப் பாட்டைக் கண்ணதாசன் எழுதினார், எதை மருதகாசி எழுதினார் என்று பிசகாமல் தெரியும். இப்போது என் மகள் ஒரு நாளைக்கு அறுபது பாட்டுக் கேட்கிறாள். எழுதியது யார் என்று கேட்டால், "ஆப்பில் போட்டிருக்கும்" என்கிறாள். எடுத்துப் பார்த்தால் பாடலாசிரியர் இருக்கவேண்டிய இடத்தில் கம்பெனியின் பெயர் இருக்கிறது.

தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, பற்றரிக்கும் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோவும் கேசட்டும் கேட்டோம். ஒருவர் சுற்றினால்தான் மற்றவர்கள் கேட்கலாம். அதனால் எந்தப் பாட்டு என்பதில் வீட்டில் அடிபிடியே நடக்கும். அந்தக் காலம் திரும்ப வேண்டும் என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். தட்டுப்பாட்டை அழகாக்கிப் பேசுகிறவர்கள் அதை அனுபவித்தவர்களாக இருப்பதில்லை. அண்ணையைச் சொல்லவில்லை.

நிரலன் எழுதியது:

யாழ்தேவி அக்கா சொன்ன பெயர்ப் பிரச்சினை நூற்றுக்கு நூறு உண்மை, அதற்குக் காரணமும் எளிது. தளங்கள் பெயர்களைத் தாமாக எழுதுவதில்லை. பாட்டை அனுப்புகிற கம்பெனி ஒரு படிவத்தை நிரப்பி அனுப்புகிறது. எண்பதுகளின் பாட்டு என்றால், கேசட் உறையைப் பார்த்து யாரோ ஒரு ஒப்பந்தத் தொழிலாளி அவசரத்தில் அடித்திருப்பார். ஒரே இசையமைப்பாளர் பெயருக்கு ஆங்கிலத்தில் நாலு எழுத்துக்கூட்டல். கணினிக்கு அவர்கள் நாலு பேர். ஒரே பாட்டு "காதல் ஹிட்ஸ்", "மெலடி ஹிட்ஸ்", "மழை ஹிட்ஸ்" என்று இருபது தொகுப்பில் இருபது தடவை ஏறியிருக்கும். பாடலாசிரியர் கட்டத்தை நிரப்பாவிட்டாலும் பாட்டு ஏறிவிடும். பிறகு யார் நிரப்புவார்கள்?

கணக்கப்பிள்ளை எழுதியது:

அந்தக் கட்டத்தில் காசு இருக்கிறது தம்பி. 2012-இல் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். மாநிலங்களவையில் இந்திப் பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் அதற்காகப் போராடினார். படத்துக்காக எழுதிய பாட்டு தியேட்டருக்கு வெளியே எங்கே ஓடினாலும் எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் பங்கு உண்டு, அதை முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ள முடியாது என்று சட்டம் சொல்கிறது. அந்தப் பங்கை வசூலித்துக் கொடுப்பது ஐ.பி.ஆர்.எஸ். என்ற சங்கம். பெயர் தப்பாக இருந்தால் அந்தப் பணம் ஆளைக் கண்டுபிடிப்பது எப்படி?

பழைய பாட்டில் இன்னும் சிக்கல். 80களில் கேசட்டை மனதில் வைத்துப் போட்ட ஒப்பந்தம் இணையத்துக்கும் செல்லுமா என்ற சண்டை இளையராஜா வழக்குகளில் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. அன்றைக்குக் கையெழுத்துப் போட்ட இரண்டு தரப்பும் இப்படி ஒன்று வரும் என்று கனவுகூடக் கண்டிருக்காது.

சிலம்பூர் செல்வம் எழுதியது:

யாரும் வாய் திறக்காத ஒன்று: ஏஐ. இங்கே பழைய பாட்டுக்குப் பெயர் தேடிக்கொண்டிருக்கிறோம், அங்கே ஆளே இல்லாத பாட்டு கொட்டுகிறது. தன் தளத்துக்கு ஒரு நாளைக்கு வந்து சேர்கிற புதுப் பாட்டுகளில் முழுக்க ஏஐ செய்தவை எத்தனை என்று பிரான்சின் டீசர் தளம் 2025-இல் பல முறை கணக்கு வெளியிட்டது. ஜனவரியில் 10,000, நவம்பரில் 50,000. 2025 கோடையில் வெல்வெட் சன்டவுன் என்று ஒரு "இசைக்குழு" ஸ்பாட்டிஃபையில் மாதம் பத்து லட்சம் பேருக்குமேல் கேட்கிற அளவுக்கு வளர்ந்தது. அப்புறம்தான் ஏஐ வைத்துச் செய்தது என்று ஒத்துக்கொண்டார்கள்.

இதைவிடப் பெரிய கூத்து அமெரிக்காவில். லட்சக்கணக்கான ஏஐ பாட்டை ஏற்றி, அதைக் கேட்பதற்கும் போலிக் கணக்குகளையே வைத்து, ஒரு கோடி டாலருக்குமேல் வாங்கிவிட்டதாக வட கரோலினா ஆள் ஒருவர்மேல் 2024 செப்டம்பரில் வழக்குப் போட்டார்கள். பாடினது இயந்திரம், கேட்டதும் இயந்திரம், காசு மட்டும் மனுஷனுக்கு. கணக்கப்பிள்ளை ஐயா சொன்ன குவியலில் இருந்துதானே அந்தக் காசு போயிருக்கும்?

கணக்கப்பிள்ளை எழுதியது:

ஆமாம், அதே குவியல்தான். நாயனக்காரர் மகனின் அப்பாவுக்குப் போக வேண்டிய பைசாவிலும் ஒரு துளி அதில் இருந்திருக்கும்.

கடைவீதி எழுதியது:

நேற்றிலிருந்து எல்லாவற்றையும் படித்துக்கொண்டிருக்கிறேன். யாழ்தேவி சொன்னது சரி. எனக்கும் தட்டுப்பாடு திரும்ப வேண்டாம். என் கேள்வி அளவைப் பற்றியது இல்லை, அதிகாரத்தைப் பற்றியது. நிரலன், ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். 2020-இல் ஸ்பாட்டிஃபை ஒரு ஏற்பாடு கொண்டுவந்தது. உரிமையாளர் தன் பங்கைக் குறைத்து வாங்கிக்கொள்ளச் சம்மதித்தால், அந்தப் பாட்டைத் தானாக ஓடுகிற பட்டியல்களில் கூடுதலாகக் காட்டுவார்கள். பெரிய கடைகளில் கண் மட்டத்து அலமாரிக்குச் சோப்புக் கம்பெனியிடம் காசு வாங்குவது போலத்தான். சோப்புக் கடையில் அது எனக்குத் தெரியும். இங்கே, "உங்களுக்காகவே தேர்ந்தெடுத்தது" என்று சொல்லிவிட்டு அதைச் செய்கிறார்கள். எங்கள் மாமாவுக்கு எந்தக் கம்பெனியும் காசு கொடுத்ததில்லை. அவர் போட்ட வரிசை நன்றாக இல்லை என்றால் ஆள் அடுத்த நாள் கடை வாசலில் வந்து நின்று திட்டுவான். இவர்களை யார் போய்த் திட்டுவது?

நிரலன் எழுதியது:

அதில் நான் அவர்கள் பக்கம் வாதாட மாட்டேன். துணிக்கடையிலும் அதேதான். "உங்களுக்குப் பிடிக்கலாம்" என்ற வரிசையில் எத்தனை இடம் விற்கப்பட்டது என்று எனக்குத் தெரியும், வாங்குகிறவருக்குத் தெரியாது. விளம்பரம் என்றால் விளம்பரம் என்று போட வேண்டும், பாட்டுக்கும் அது பொருந்த வேண்டும்.

ஆனால் மாற்று என்ன? இந்தியாவில் போட்டிக்கு இருந்த தளங்களில் சில கடையைச் சுருக்கின, சில மூடின. கானா 2022-இல் இலவசச் சேவையை நிறுத்தியது. ரெஸ்ஸோ 2024 ஜனவரியோடு இந்தியாவில் முடிந்தது. அதே வருடம் ஏர்டெல்லின் விங்க்கும் போனது. இலவசமாகக் கேட்டுப் பழகிய ஊரில் சந்தா கட்டுகிறவர் குறைவு, அதனால் கைகாசு உள்ள பெரியவர்கள் மட்டும் நிற்கிறார்கள். ஸ்பாட்டிஃபையே முழு வருட லாபம் பார்த்தது முதன்முதலாக 2024-இல்தான். தொடங்கிப் பதினாறு வருடம் நஷ்டத்தைத் தாங்க எந்த மன்னார்குடிக் கடையால் முடியும்?

ஊசியும் தட்டும் எழுதியது:

மூடிய தளங்களில் நீங்கள் சேர்த்து வைத்திருந்த பட்டியல் என்ன ஆயிற்று என்று யாராவது சொல்லுங்கள். என் மச்சினர் ஒருவர் ஆறேழு வருடமாகப் பார்த்துப் பார்த்துப் பி.பி. ஸ்ரீனிவாஸ் பாட்டாகச் சேர்த்து வைத்திருந்தார். தளத்தோடு அதுவும் போய்விட்டது. நான் 1965-இல் வாங்கிய தட்டை இன்றைக்கும் ஊசியை வைத்துக் கேட்கிறேன். கீறல் இருக்கிறது, இருக்கட்டும்.

சாலிகிராமம் கீபோர்டு எழுதியது:

ஐயா, தளம் மூடுவதற்கு முன்பே வேறு தளத்துக்குப் பட்டியலை மாற்றித் தருகிற சேவைகள் இருக்கின்றன. பட்டியல் போகும், ஆனால் புதுத் தளத்தில் அந்தப் பாட்டு இல்லாவிட்டால் ஓட்டை விழும். பழைய தமிழ்ப் பாட்டில் அப்படி நிறைய விழும். மச்சினரிடம் பாட்டுப் பெயர்களையாவது ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

நாயனக்காரர் மகன் எழுதியது:

ஒரு செய்தி. அப்பாவின் ஆலாபனையைத் துண்டாக்காமல் முழுசாகவே யூடியூப்பில் ஏற்றிவிட்டேன். ராகம், தவில் வாசித்தவர், கோயில், எந்தத் திருவிழா எல்லாவற்றையும் தமிழில் எழுதியிருக்கிறேன். யாழ்தேவி அக்கா பதிவைப் படித்த பிறகு தாளம் போட்டவரின் பெயரையும் சேர்த்தேன். இதுவரை கேட்டவர்கள் இருநூற்றுச் சொச்சம் பேர். அதில் ஒருவர் சிங்கப்பூரில் இருந்து கூப்பிட்டு, தை மாதத்தில் அங்கே ஒரு கல்யாணத்துக்கு வர முடியுமா என்று கேட்டிருக்கிறார். விளம்பரக் காசு இன்னும் ஒரு பைசா வரவில்லை.

கடைவீதி எழுதியது:

சுட்டியை இங்கேயே போடுங்கள் தம்பி. கணக்கப்பிள்ளை, சிங்கப்பூர்க் கச்சேரிக்கு எவ்வளவு கேட்கலாம் என்று அவருக்குத் தனிமடலில் சொல்லிக் கொடுங்கள். குறைத்துக் கேட்டுவிடப் போகிறார்கள்.